பழைய பாணி உடுத்த ஆசை: தொப்பியிலா ஆரம்பிப்பது?

கேள்வி, 4 ஜனவரி
1930, 40களின் புகைப்படங்களில் வரும் ஆண்களைப் பார்த்துப் பார்த்து ஆசை வந்துவிட்டது. தொப்பி, சஸ்பெண்டர் (பேன்ட்டைத் தோளிலிருந்து தாங்கும் பட்டை), போ டை, பழைய கைக்கடிகாரம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒருநாள் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். "இன்னைக்கு என்ன வேஷம்?" என்று கேட்டுவிட்டார்கள். நிஜமாகவே அந்தக் காலத்துத் துணியைத் தேடி வாங்கினால்தான் சரிவருமா? முடி, ஷேவிங், சென்ட் என்று பெரிய பட்டியலே வைத்திருக்கிறேன். எங்கே இடிக்கிறது?

4 ஜனவரி, இரவு
முதலில் தொப்பியைக் கழற்றுங்கள். போ டையையும். சஸ்பெண்டரை அப்புறம் பார்க்கலாம்.

இப்போது கண்ணாடி முன்னால் நின்று, பேன்ட் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். இடுப்பெலும்பில்தானே? அந்தப் புகைப்படங்களில் அது தொப்புள் உயரத்தில் நிற்கும். பழைய தோற்றத்தில் பாதி வேலையை இந்த ஒரு வித்தியாசமே செய்துவிடுகிறது. பேன்ட் ஏறினால் கால் நீளமாகத் தெரியும், சட்டை வெளியே வராது, கோட்டின் பட்டனும் பேன்ட்டின் பட்டியும் ஏறக்குறைய ஒரே இடத்தில் சந்திக்கும். தாழ்ந்த பேன்ட்டுக்கு மேல் கோட் போட்டால், பட்டனுக்குக் கீழே சட்டை ஒரு வெள்ளை முக்கோணமாகத் தெரியும். டையின் நுனியும் அதில் எட்டிப்பார்க்கும். பார்ப்பவர் கண் நேரே அங்கேதான் போகும். அதற்கு மேல் எவ்வளவு நல்ல தொப்பி வைத்தும் பிரயோஜனமில்லை.

அளந்து பாருங்கள். கவட்டுத் தையலிலிருந்து பட்டியின் மேல் விளிம்பு வரை, முன்பக்கம். இப்போது கடைகளில் தொங்குவது பெரும்பாலும் 9, 10 அங்குலம். பழையவற்றில் 12, 13 சாதாரணம். தையல்காரரிடம் இதைச் சொன்னால் மறுப்பார். "வயிறு தெரியும் சார்" என்பார். உண்மை நேர்மாறானது: தொப்பைக்குக் கீழே பெல்ட் கட்டுவதால்தான் வயிறு சரிந்து தொங்குகிறது. பிடிவாதமாக நில்லுங்கள்.

முன்பக்க மடிப்புகளும் அலங்காரத்துக்காக வந்தவை அல்ல. உட்காரும்போது தொடை அகலும், மடிப்பு விரிந்து இடம் விடும், எழுந்தால் மூடிக்கொள்ளும். மடிப்பே இல்லாமல் உயரத்தை மட்டும் ஏற்றினால் உட்காரும்போது வயிற்றை அறுக்கும்.

5 ஜனவரி
சஸ்பெண்டர். கிளிப் வைத்தது வேண்டாம்; பட்டியின் உள்பக்கம் பட்டன் தைத்து மாட்டுகிற வகைதான் வேண்டும். கிளிப் துணியைக் கடித்துத் தழும்பு ஏற்படுத்தும், சமயம் பார்த்துக் கழன்றும் விடும். அதோடு, சஸ்பெண்டர் போடுகிறவர் பெல்ட் போடக் கூடாது. இரண்டையும் சேர்த்துப் போடுகிறவர் எதையுமே நம்பாதவர்.

சஸ்பெண்டருக்கான பேன்ட் இடுப்பில் ஒரு விரல் தளர்வாக இருக்க வேண்டும். துணி தோளிலிருந்து தொங்கும், வயிற்றை இறுக்காது. வெயில் காலத்தில் இதன் அருமை தெரியும்.

9 ஜனவரி
"நிஜப் பழசுதான் அசல், மற்றதெல்லாம் நகல்" என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். நானும் சில வருடம் அப்படித்தான் திரிந்தேன். வாங்கலாம், ஆனால் எதைப் பார்த்து வாங்குவது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

உள்ளே எழுதியிருக்கும் அளவு எண்ணை மறந்துவிடுங்கள். அன்றைய எண்ணும் இன்றைய எண்ணும் ஒன்றல்ல. பெண்கள் உடையில் வித்தியாசம் இன்னும் அதிகம். உங்களுக்குப் பொருந்தும் ஒரு கோட்டைத் தரையில் விரித்து தோள், மார்பு, கை நீளம், முதுகு நீளம் அளந்து வையுங்கள். விற்பவரிடமும் அதே அளவுகளைக் கேளுங்கள்.

அப்புறம் அக்குளைப் பாருங்கள். கோட்டை உள்புறம் திருப்பி அக்குள் லைனிங்கை விரலால் லேசாக இழுங்கள். வியர்வை பல வருடம் ஊறிய லைனிங், குறிப்பாக ரேயானும் பட்டும், கையோடு வந்துவிடும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பட்டை எடைக்கு விற்றதால் அதில் வெள்ளீய உப்பை ஏற்றினார்கள். அந்த உப்பே இழையைத் தின்றுவிடும். அப்படிப்பட்ட பட்டில் கத்தியால் கீறியது மாதிரி நேர்க்கோட்டில் கிழிசல்கள் இருக்கும். அதைத் தைத்தும் பயனில்லை, ஊசி போகும் இடத்தில் அடுத்த கிழிசல் விழும்.

கம்பளித் துணியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். ஊசித்துளை போல் புள்ளிகள் தெரிந்தால் அந்துப்பூச்சி குடியிருந்திருக்கிறது. பறக்கும் பூச்சி கடிப்பதில்லை, தின்பதெல்லாம் அதன் புழு. வாங்கி வந்ததைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி ஒரு வாரமாவது ஃப்ரீசரில் வையுங்கள். மற்ற உடைகளோடு அலமாரியில் வைப்பது அதற்குப் பிறகுதான்.

பழசில் நான் வியக்கும் ஒரு விஷயம் கைத்துளை. அக்குளுக்கு நெருக்கமாக, சின்னதாக வெட்டியிருப்பார்கள். போடும்போது இறுக்கமாக இருக்கிறதே என்று தோன்றும். கையைத் தூக்கினால் கோட்டின் உடல் அப்படியே இருக்கும், கை மட்டும் உயரும். இன்றைய ஆயத்தக் கோட்டில் பல உடம்புகளுக்கும் பொருந்தட்டும் என்று துளையைப் பெரிதாகவும் தாழ்வாகவும் வெட்டுகிறார்கள். பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்தால் மொத்தக் கோட்டும் காதுவரை ஏறிவிடும். கைத்துளையை முடித்தபின் சின்னதாக்குவது கிட்டத்தட்ட முடியாத காரியம். ஆகவே ஒரு பழைய கோட்டை வாங்கத் தகுதி உண்டா என்று நான் முதலில் பார்ப்பது இதைத்தான். இடுப்பு, கை நீளம் எல்லாம் பிறகு சரிசெய்துகொள்ளலாம், பெரும்பாலும் உள்ளே துணி விட்டுத்தான் தைத்திருப்பார்கள்.

10 ஜனவரி
ஃப்ரீசரில் கோட் வைத்ததற்கு வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதக்கூடிய மொழியில் இல்லை.

11 ஜனவரி
பேன்ட்டின் கீழ் மடிப்பு (கஃப்) அவசியமா என்றொரு கேள்வி. கனமான துணிக்கு வையுங்கள், துணி நேராக விழும். மெல்லிய துணிக்கு வேண்டாம். இதை வைத்து ஓர் அரசாங்கமே மல்லுக்கட்டியிருக்கிறது: போர்க்காலத்தில் பிரிட்டன் துணியை மிச்சப்படுத்த 1942இல் ஆண்களின் பேன்ட்டுக்குக் கஃப் வைக்கத் தடை போட்டது. ஆட்கள் வேண்டுமென்றே நீளமான பேன்ட்டாக வாங்கி வீட்டில் மடித்துத் தைத்துக்கொண்டார்கள். 1944இல் தடையை எடுத்தார்கள்.

16 ஜனவரி
ஷேவிங். இதில் மட்டும் "அசல் பழசு" கட்சியில் நான் முழு உறுப்பினர்.

கிங் ஜில்லட்டின் பாதுகாப்பு ரேசருக்கு 1904இல் காப்புரிமை கிடைத்தது. அந்த வழியில் வந்த இரட்டை முனை ரேசர்கள் 1950களில் செய்தவையானாலும் இன்றைய பிளேடை அப்படியே ஏற்கும். அமெரிக்காவில் செய்த ஜில்லட் ரேசர்களில் 1951 முதல் தலைப்பகுதியின் அடியில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். எழுத்து வருடம், எண் காலாண்டு. 'ஏ' என்றால் 1955. என்னிடம் இருப்பதில் 'ஏ 3'. அந்த வருடத்தின் ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் செய்தது. வெந்நீர், பழைய பல்துலக்கும் பிரஷ், கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு, அவ்வளவுதான் செலவு. பித்தளை மேல் நிக்கல் பூசியது என்பதால் தேய்க்கும் பொடி ஆகாது, பூச்சு போய்விடும்.

முறை இதுதான். முகத்தை வெந்நீரில் நன்றாக நனைத்து, பிரஷ்ஷால் நுரை கட்டி, ரேசரின் தலை கன்னத்தில் படும்படி வைத்து, கைப்பிடியை மெதுவாகக் கீழிறக்குங்கள். பிளேடு முடியைத் தொடும் இடத்தில் 'சரக் சரக்' என்று சத்தம் கேட்கும். ஏறக்குறைய 30 பாகைச் சாய்வு. அழுத்தவே கூடாது, ரேசரின் எடையே போதும். கார்ட்ரிட்ஜ் ரேசரில் பழகிய கை அழுத்தத்தான் பார்க்கும், வெட்டுக்காயம் அங்கேதான் விழும். முதலில் முடி வளரும் திசையில் ஒரு முறை, மறுபடி நுரை, பிறகு குறுக்காக ஒரு முறை. எதிர்த்திசையில் போவதைக் கழுத்தில் மட்டுமாவது தவிர்த்துவிடுங்கள். அங்கே முடி வளரும் திசை ஆளுக்கு ஆள் மாறும். இரண்டு நாள் முடியை வளரவிட்டு விரலால் தடவிப் பார்த்தால் பிடிபடும்.

கடைசியில் குளிர்ந்த நீர், ஈரமான படிகாரக் கட்டி. எங்கே எரிகிறதோ அங்கே அழுத்தியிருக்கிறீர்கள். இவ்வளவு நேர்மையான ஆசிரியர் வேறு கிடைக்க மாட்டார்.

17 ஜனவரி
மடக்குச் சவரக் கத்தி வாங்கலாமா என்றொரு கேள்வி. வேண்டாம். அதைத் தோல்பட்டையில் தீட்டி, அவ்வப்போது கல்லிலும் பிடித்துப் பராமரிக்கும் பொறுமை இருந்தால் சரி. காலையில் அவசரமாகக் கிளம்புகிறவர் கையில் அது கொடுக்க வேண்டிய பொருளல்ல. படம் எடுக்க மட்டும் வாங்குவதானால் படத்தையே வாங்கிவிடலாம்.

25 ஜனவரி
முடிக்கு வருவோம். பளபளவென்று படிந்த தலைமுடி வேண்டுமானால் முதலில் வெட்டு சரியாக இருக்க வேண்டும்: பக்கங்களும் பின்கழுத்தும் குறுகி ஏற, மேலே சீவும் அளவுக்கு நீளம். வகிடு உங்கள் சுழி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். சுழியை எதிர்த்து வகிடு எடுத்தால் எந்தக் கிரீமும் மதியம் வரை தாங்காது.

பெட்ரோலியம் ஜெல்லியும் மெழுகும் சேர்ந்த பழைய வகை பொமேட் (முடியைப் படியவைக்கும் பசை) நாள் முழுக்கச் சீப்புக்கு வளையும், இறுகாது. அதன் விலையைத் தலையணை உறை கொடுக்கும். ஒரு முறை ஷாம்பூ போட்டால் போகாது. நெற்றியோரம் பரு வரும் ஆட்கள் அதைத் தொட வேண்டாம், தோல் மருத்துவத்தில் அதற்கென்றே 'பொமேட் பரு' என்று ஒரு பெயர் உண்டு. நீரில் கரையும் புதிய வகை நன்றாகப் பிடிக்கும், எளிதில் போகும், ஆனால் காய்ந்துவிட்டால் மறுபடி சீவ முடியாது.

இரண்டுக்கும் நடுவே 1928இல் பர்மிங்ஹாமில் பிறந்த பிரில்கிரீம். தண்ணீரும் கனிம எண்ணெயும் தேன்மெழுகால் கலந்து நிற்கும் குழம்பு. ஈர முடியில், மொச்சைக்கொட்டை அளவு, இரு உள்ளங்கையிலும் தேய்த்துப் பின்னாலிருந்து முன்னால் தடவுங்கள். முன்னால் ஆரம்பித்தால் மொத்தமும் நெற்றிமேல் அப்பிக்கொள்ளும். நான் சுற்றிச் சுற்றிக் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறேன்.

மீசை பற்றிப் பேச என்னிடம் ஒன்றுமில்லை. எனக்கு ஒழுங்காக வளராது.

3 பிப்ரவரி
சென்ட். இதற்காகத்தான் இவ்வளவு நாள் காத்திருந்தீர்கள் என்று தெரியும்.

சவரக்கடை வாசனை என்று நாம் மனதில் வைத்திருப்பதற்கு ஒரு பிறந்த வருடம் உண்டு: 1882. பிரெஞ்சு சென்ட் நிறுவனம் ஊபிகானின் 'ஃபூஜேர் ரோயால்'. லாவெண்டர், ஓக் மரத்தில் படரும் பாசி, கூமரின் மூன்றும் சேர்ந்த கட்டமைப்பு. கூமரின் காய்ந்த வைக்கோல் வாசனை தரும் பொருள். வேதியியலாளர் வில்லியம் பெர்கின் 1868இல் அதை ஆய்வகத்தில் செய்து காட்டினார். செயற்கைப் பொருளைத் துணிந்து பயன்படுத்திய முதல் சென்ட்களில் ஒன்று 'ஃபூஜேர் ரோயால்'. ஆக, "அந்தக் காலத்தில் எல்லாம் இயற்கை" என்று சொல்பவரிடம் இதை நினைவுபடுத்துங்கள். 1921இன் 'ஷனேல் நம்பர் 5' பெயர் வாங்கியதும் ஆல்டிஹைடு என்ற செயற்கைப் பொருட்களை அதைக் கலந்த எர்னஸ்ட் போ தாராளமாக ஊற்றியதால்தான்.

இன்னொரு வாசனை வம்சம் ஷிப்ர். கோட்டியின் 'ஷிப்ர்' 1917, கெர்லனின் 'மிட்சுகோ' 1919. மேலே பெர்கமாட் என்ற எலுமிச்சை வகை, அடியில் அதே ஓக் பாசி. ஈரமான காட்டுத் தரையை மோந்த மாதிரி இருக்கும். முதல் முறை யாருக்கும் பிடிக்காது.

சிக்கல் அந்தப் பாசியில்தான். அதிலுள்ள அட்ரனால், குளோரோஅட்ரனால் என்ற இரண்டும் சிலருக்குத் தோலில் கடுமையான ஒவ்வாமை தருபவை. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் சட்டம் போட்டு, 2019 ஆகஸ்ட்டுக்குப் பிறகு அவை கலந்த புதுச் சரக்கு வரக் கூடாது என்றும், 2021 ஆகஸ்ட்டோடு கடைகளிலிருந்தே போக வேண்டும் என்றும் நிறுத்திவிட்டது. பாசியைத் தடுக்கவில்லை. அந்த இரண்டையும் பிரித்தெடுத்துவிட்டுப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே அதே பெயர், அதே குப்பி, உள்ளே கொஞ்சம் வேறு ஆள். "முன்ன மாதிரி இல்லையே" என்ற புலம்பலில் பாதிக்குக் காரணம் இதுதான். மீதிப் பாதி நம் மூக்கின் வயது.

பழைய குப்பியை வாங்கலாமா? திறந்தவுடன் நெயில் பாலிஷ் ரிமூவர் போல் அடித்தால் பயந்து ஊற்றிவிடாதீர்கள். எலுமிச்சை, பெர்கமாட் போன்ற மேல்வாசனைகள்தான் முதலில் கெடும். தோலில் போட்டு இருபது நிமிடம் விட்டால் அந்த நாற்றம் ஓடி, அடியிலிருக்கும் பாசியும் மரமும் வெளியே வரும். அப்போதும் புளித்த நாற்றமே இருந்தால் மட்டும் கைகழுவுங்கள். தோல் சட்டென்று சிவக்கிறவர்கள் கைக்குட்டையில் போட்டுக்கொள்ளலாம், அந்தக் கால வழக்கமும் அதுதான்.

4 பிப்ரவரி
நேற்றையதைப் படித்தால் பழைய குப்பிக்கு ஆள் பிடிப்பது போல இருக்கிறது. ஒரு திருத்தம் சேர்க்கிறேன். ஆரம்பிக்கிறவர் 'ஓல்ட் ஸ்பைஸ்' ஆஃப்டர்ஷேவில் ஆரம்பிக்கட்டும் (1938, அதற்கு முந்தைய வருடம் பெண்களுக்கான வாசனையாகத்தான் அந்தப் பெயர் வந்தது). அல்லது சாதாரண ஓ டி கொலோன். இரண்டு முதல் ஐந்து சதவீத எண்ணெய்தான் இருக்கும், ஒரு மணி நேரத்தில் மறைந்துவிடும். பழைய பாணியே அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்: பக்கத்தில் வந்தவருக்கு மட்டும் தெரிகிற அளவு. லிஃப்டில் ஏறும் முன்பே ஆள் வருவது தெரிந்தால் அது 1980கள்.

கொஞ்சம் வெளிச்சமான வாசனை கேட்டவருக்கு: 1966இன் 'ஓ சவாஜ்'. அதை உருவாக்கிய ரூத்னிட்ஸ்கா அதில் ஹெடியோன் என்ற பொருளைச் சேர்த்தார், மல்லிகையின் காற்றோட்டமான பகுதி மட்டும் தனியே வருவது போல் இருக்கும். வெயிலுக்குத் தோதானது.

12 பிப்ரவரி
"எல்லாம் ஆண்களுக்கே எழுதுகிறீர்கள்" என்று ஒரு வாசகி. நியாயம்.

1947 பிப்ரவரி 12 அன்று பாரிஸ் ஆடை வடிவமைப்பாளர் டியோர் காட்டிய உடைகளை 'நியூ லுக்' என்று பெயரிட்டவர் பத்திரிகை ஆசிரியர் கார்மெல் ஸ்னோ. சின்ன இடை, விரிந்த பாவாடை. இன்று அதைப் போட்டுப் பார்க்கும் பெண்கள் "எனக்கு அந்த உடம்பு இல்லை" என்று கைவிடுகிறார்கள். அன்றும் யாருக்கும் அந்த உடம்பு இல்லை. உடைக்கு உள்ளே இடுப்புப் பட்டை, எலும்புக் குச்சி, இடுப்புக்குக் கீழே பஞ்சு வைத்துத் தைத்த மேடு, பாவாடைக்குள் அடுக்கடுக்காய் வலைத்துணி. உருவத்தைத் தையலே கட்டி எழுப்பியது. உள்ளே எதுவும் இல்லாமல் மேலுடையை மட்டும் வாங்கினால் அது தொய்ந்துதான் நிற்கும்.

நாள் முழுக்க அதெல்லாம் போட்டுக்கொண்டிருக்கச் சொல்ல மாட்டேன். என் தங்கை செய்வதைச் சொல்கிறேன்: உள்ளே ஒரே ஒரு கஞ்சிபோட்ட பருத்தி உள்பாவாடை, மேலே சாதாரண ஏ-லைன் பாவாடை, இடையில் பட்டை பெல்ட். உதட்டில் நீலம் கலந்த சிவப்பு, கண்ணில் மெல்லிய கோடு, வேறொன்றும் இல்லை. ஒருவரும் அவளை வேஷமா என்று கேட்டதில்லை.

20 பிப்ரவரி
கைக்கடிகாரம் பற்றி அவசரமாக ஒன்று. முதல் கேள்வியில் 'பழைய கைக்கடிகாரம்' என்று இருந்ததே, முகப்பின் எண்களும் முட்களும் பழுப்பேறிய மஞ்சள் பூச்சோடு இருக்கின்றனவா? 1960களுக்கு முந்தையதானால் அது கதிரியக்கம் உள்ள ரேடியமாக இருக்க வாய்ப்பு அதிகம். இருட்டில் ஒளிரவில்லையே என்று நிம்மதி அடையாதீர்கள். ஒளிர்வது துத்தநாக சல்ஃபைடு, அது தேய்ந்துவிட்டது. ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 வருடம். அது அப்படியேதான் இருக்கிறது. மூடியபடி கட்டுவது பெரிய ஆபத்தில்லை என்றாலும் தினமும் கட்ட நான் சொல்ல மாட்டேன். முகப்பை நீங்களே திறந்து சுரண்டுவது மட்டும் கூடவே கூடாது, அந்தத் தூள் மூச்சில் போனால்தான் வினை. பூச்சே இல்லாத முகப்பு வாங்குங்கள். 32, 33 மில்லிமீட்டர் அகலம் சின்னதாகத் தோன்றும். சட்டைக் கைக்குள் ஒளிந்துகொள்ளும் அளவு அதுதான்.

2 மார்ச்
கேள்வி கேட்டவர் புதிதாகத் தைத்த பேன்ட்டோடு படம் அனுப்பியிருக்கிறார். உயரம் சரி, மடிப்பு சரி. துணிதான் மெல்லிசு. பழைய சூட் துணி கெஜத்துக்கு 15, 16 அவுன்ஸ் இருக்கும். இன்று பொதுவாகக் கிடைப்பது 8 முதல் 10. கனமான துணி தன் எடையால் கீழே இழுத்து நேராக நிற்கும், மெல்லியது காலைச் சுற்றும். வெயில் ஊரில் 16 அவுன்ஸ் கம்பளி தண்டனை, எனவே அடுத்தமுறை கனமான லினனோ, திறந்த நெசவுக் கம்பளியோ பாருங்கள். லினன் கசங்கும், கசங்கட்டும்.

அப்புறம் காலர். அந்தப் படங்களில் காலர் நுனிகள் நீளமானவை, மூன்றரை அங்குலம் வரை, கோட்டின் லேப்பலுக்கு (மார்பில் மடிந்து கிடக்கும் பகுதி) அடியில் போய் மறையும். உங்கள் சட்டையின் நுனி லேப்பலுக்கு முன்பே நின்று, இரண்டு பக்கமும் இறக்கை விரித்திருக்கிறது. தையல்காரரிடம் காலர் நுனியை மட்டும் நீளமாக வெட்டச் சொல்லுங்கள்.

தொப்பி போடலாமா என்று மறுபடி கேட்கிறீர்கள். வெயிலோ மழையோ இருந்தால் போடுங்கள், உள்ளே வந்ததும் கழற்றிவிடுங்கள். சென்ட் குப்பியைக் குளியலறையில் வைத்திருப்பதும் படத்தில் தெரிகிறது. சூடும் ஈரமும் மாறி மாறி வரும் இடம் அது, அலமாரிக்குள் இருட்டில் வையுங்கள்.